அணுமின்சாரம் பற்றிய நம் கருத்து யாரிடமிருந்து வந்தது? தமிழ்நாடு–கேரள எல்லையோர வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

கூடங்குளம் அணுமின் நிலையம் களியக்காவிளையிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. திருவனந்தபுரமும் அங்கிருந்து 100 கிலோமீட்டருக்குள்தான். கதிரியக்கத் தனிமமான தோரியம் கலந்த தாதுமணலோ மணவாளக்குறிச்சியிலும் மிடாலத்திலும் நம் கடற்கரையிலேயே கிடக்கிறது. ஆகவே குமரி மேற்கிலும், செங்கோட்டை, புளியரைப் பக்கத்திலும், கம்பம், குமுளிப் பக்கத்திலும் வாழும் பெரும்பாலோருக்கு அணுமின்சாரம் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ ஒரு உறுதியான கருத்து உண்டு. அந்தக் கருத்து சரியா, தவறா என்று தீர்ப்புச் சொல்வது இந்த வழிகாட்டியின் வேலை இல்லை. அதை நம் மனத்தில் வைத்தவர் யார், எந்தச் சான்றைக் காட்டி வைத்தார், எந்தச் சான்றைக் காட்டாமல் விட்டார் என்பதை ஒருவர் தனியாகவோ, ஊர் நூலகத்தில் பத்துப் பேர் சேர்ந்தோ கண்டறியும் முறையையே இங்கே சொல்ல முயல்கிறேன். தமிழும் மலையாளமும் அறிந்த எல்லையோர மக்களுக்கு இதில் வேறெவருக்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. ஒரே ஆபத்து ஒரு மொழியில் அருகிலும் மற்றொரு மொழியில் தொலைவிலும் தெரிவதை நாம் நேரடியாகப் பார்க்கிறோம். அந்த வசதியை முறையாகப் பயன்படுத்துவதுதான் இதன் மையம்.

முதல் வேலை: கருத்துக்குத் தேதி போடுதல்

ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதுங்கள். அணுமின்சாரம் பற்றிய உங்கள் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்தக் கருத்து உங்களிடம் எப்போது உறுதிப்பட்டது என்று எழுதுங்கள். அப்போது உங்களிடம் பேசியவர் அல்லது நீங்கள் பார்த்த காட்சி எது என்று எழுதுங்கள். குழுவாகச் செய்கிறீர்கள் என்றால் பேசத் தொடங்கும் முன்பே எல்லோரும் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதலில் பேசுபவரின் கருத்தே எல்லோருடைய கருத்தாகவும் மாறிவிடும்.

தேதி ஏன் முக்கியம் என்பதைக் கூடங்குளத்தின் வரலாற்றைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். பிரதமர் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் 1988 நவம்பரில் இதற்கான ஒப்பந்தம் செய்தார்கள். கட்டுமானம் 2002இல் தொடங்கியது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கி ஃபுகுஷிமா உலைகள் சிதைந்தன. அதே ஆண்டின் நடுப்பகுதியில் கூடங்குளத்தின் முதல் உலையில் போலி எரிபொருளை வைத்து வெப்பச் சோதனை ஓட்டம் நடத்தியபோது, நீராவி வெளியேறிய பேரொலி சுற்றியிருந்த ஊர்களை அச்சுறுத்தியது. தொலைக்காட்சியில் ஜப்பானிய உலை வெடித்ததைப் பார்த்துச் சில மாதங்களே ஆகியிருந்த மக்களுக்கு அந்த ஒலி எதைச் சொல்லியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. அதோடு, 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் கடல் ஊருக்குள் வந்ததைக் கண்ணால் கண்டவர்களின் கரை இது. அவர்களுக்கு ஃபுகுஷிமா ஏற்கெனவே பாதி தெரிந்த செய்தி.

மலையோரத்திலும் உள்மாவட்டங்களிலும் கருத்து உறுதிப்பட்ட தேதி வேறு. 2012இல் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. பட்டறை நடத்தியவரும், தேர்வுக்குப் படித்த மாணவரும், தறி ஓட்டியவரும் அந்த இருட்டில்தான் கூடங்குளத்தைப் பற்றி முதன்முறையாக யோசித்தார்கள். கடற்கரையில் அச்சமும் உள்நாட்டில் தேவையும் ஒரே காலத்தில் பிறந்தன. இரண்டுமே உண்மையான அனுபவங்கள். ஒன்றை அறியாமை என்றும் மற்றொன்றைச் சுயநலம் என்றும் பெயரிட்டுவிட்டால் அதற்குமேல் ஆராய எதுவும் மிஞ்சாது. எனவே குழுவில் இப்படிப் பெயரிடுவதைத் தொடக்கத்திலேயே விலக்கிவையுங்கள்.

இரண்டாவது வேலை: பேசுகிறவரின் இடத்தைக் குறித்தல்

ஒருவர் சொல்வது உண்மையா என்று பார்ப்பதற்கு முன், அவர் எந்த இடத்தில் நின்று சொல்கிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அவரைச் சந்தேகிப்பதற்காக இதைச் செய்யவில்லை. அவர் எதை அறிந்திருக்க முடியும், எதைச் சொல்வதால் அவருக்கு நன்மை, எதைச் சொல்வதால் இழப்பு என்பதைத் தெரிந்துகொள்ளத்தான்.

உலையை நடத்துவது இந்திய அணுமின் கழகம். உலையைப் பற்றி அதைவிட அதிகம் அறிந்தவர் இல்லை. உலை ஓடுவதால் அதைவிட நன்மை பெறுபவரும் இல்லை. அதன் பேச்சை எடைபோட 2019ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்று நல்ல பயிற்சி. கூடங்குளத்தின் கணினிகளில் ஊடுருவல் நடந்ததாக அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் தகவல் பரவியபோது, நிலையத்தின் தரப்பில் முதலில் மறுப்பு வந்தது. மறுநாளே கழகம், நிர்வாகப் பணிக்கான கணினி வலையமைப்பில் தீநிரல் (மால்வேர்) கண்டறியப்பட்டது உண்மை என்றும், உலையை இயக்கும் அமைப்பு தனியானது, பாதிக்கப்படவில்லை என்றும் அறிவித்தது. இந்த இரண்டாவது அறிவிப்பு தொழில்நுட்ப அளவில் முழுக்கச் சரியாகவே இருக்கலாம். ஆயினும் முந்தைய நாள் மறுப்பு இல்லாமல் அது மட்டும் வந்திருந்தால் இன்னும் எத்தனை பேர் நம்பியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அணுமின்சாரத்தைப் பற்றிய பொதுக்கருத்தை எதிர்ப்பாளர்களைவிட அதிகமாக உருவாக்கியது நடத்துபவர்களின் மறைக்கும் பழக்கம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்து ஒழுங்குமுறை அமைப்பு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983இல் அமைக்கப்பட்டது. அதற்கு அப்போது சட்டப்படியான தனித்த அதிகாரம் இருக்கவில்லை என்பதை 2012இல் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே சுட்டிக்காட்டியது. ஒரு அரசு அமைப்பின் குறையை மற்றொரு அரசு அமைப்பு பதிவுசெய்த இத்தகைய ஆவணங்கள்தாம் வாசகருக்கு மிகவும் பயன்படுபவை. எழுதியவருக்கு எதிர்ப்பாளர் என்ற முத்திரை குத்த யாராலும் இயலாது.

அரசியல் கட்சிகளைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை; தேதிகளை வரிசைப்படுத்தினாலே போதும். 2011 செப்டம்பரில் மக்களின் அச்சம் தீரும்வரை பணிகளை நிறுத்த வேண்டும் என்று தமிழக அமைச்சரவை தீர்மானம் நிறைவேற்றியது. 2012 மார்ச் 18 அன்று சங்கரன்கோவில் இடைத்தேர்தல் நடந்தது. மறுநாள், மார்ச் 19 அன்று, பணிகளைத் தொடரலாம் என்று அதே அமைச்சரவை முடிவெடுத்து, 500 கோடி ரூபாய் வளர்ச்சித் திட்டத்தையும் அறிவித்தது. கேரளத்தில், தம் மார்க்சிஸ்ட் கட்சியின் நிலைப்பாட்டுக்கு மாறாக, கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரையில் நடந்த அணுஉலை எதிர்ப்புப் போராட்டத்துக்கு ஆதரவு தெரிவிக்கப் புறப்பட்ட அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தனை, 2012 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை களியக்காவிளையிலேயே தடுத்துத் திருப்பியனுப்பியது. நம் ஊர்ச் சாலையில் நடந்த நிகழ்வு இது. கருத்து மட்டுமின்றிக் கருத்தைச் சொல்ல வருபவரும் எல்லையில் நிறுத்தப்படலாம் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு தேட வேண்டாம்.

போராட்ட இயக்கத்தையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். நாகர்கோவிலைச் சேர்ந்த சுப. உதயகுமார் அதன் அறியப்பட்ட முகமாக இருந்தார். ஆயினும் நாள்தோறும் பந்தலில் உட்கார்ந்தவர்கள் இடிந்தகரைப் பெண்களும் மீனவர்களும். இயக்கம் எழுப்பிய கேள்விகளில் வெளியேற்றத் திட்டம், எரிந்த எரிபொருளை வைக்கும் இடம், கடலில் விடப்படும் சுடுநீர் போன்றவை ஆவணங்களைக் கொண்டு விவாதிக்கத்தக்கவை. மேடைகளில் சொல்லப்பட்ட வேறு சில கூற்றுகளுக்கு அத்தகைய ஆதாரம் இல்லை. இரண்டையும் பிரித்தெடுப்பது வாசகரின் கடமை. அதைச் செய்யாமல், 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங் ஓர் அமெரிக்க அறிவியல் இதழுக்கு அளித்த பேட்டியில் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களைக் காரணம் காட்டியதைப் போல, எல்லாம் வெளிநாட்டுப் பணத்தின் வேலை என்று முடித்துவிட்டால், சுடுநீரைப் பற்றிய கேள்வி பதிலின்றி அப்படியே நிற்கும். கேட்பவர் யாராக இருந்தாலும் சரியான கேள்வி சரியான கேள்விதான்.

அறிவியலாளர்களின் இடம் நுட்பமானது. அப்துல் கலாம் 2011 நவம்பரில் கூடங்குளத்தை நேரில் பார்த்துப் பாதுகாப்பானது என்று அறிவித்தபோது, பல லட்சம் பேருக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அவர் மீதிருந்த அன்பை நான் மதிக்கிறேன். எனினும், ஒருவர் ராக்கெட்டில் பெற்ற தேர்ச்சியும் அவருடைய நற்பெயரும் உலைக்கலன் பற்றிய சான்று ஆகிவிடுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். எதிர்த் தரப்பில் பேசும் எழுத்தாளருக்கும் நடிகருக்கும் மருத்துவருக்கும் இதே கேள்வி பொருந்தும். சொன்னவருடைய துறை எது, அவர் எந்த ஆவணத்தைப் பார்த்துச் சொன்னார் என்ற இரண்டையும் பெயருக்குப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டாவது கட்டம் பெரும்பாலும் காலியாக இருப்பதைக் காண்பீர்கள்.

மூன்றாவது வேலை: அணையையும் உலையையும் இடம்மாற்றிப் படித்தல்

எல்லையோர மக்களால் மட்டுமே முழுமையாகச் செய்யக்கூடிய சோதனை இது. 2011 நவம்பர், டிசம்பர் மாதங்களை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். இடிந்தகரையில் உண்ணாவிரதப் பந்தல் நிறைந்திருந்த அதே வாரங்களில், இடுக்கியில் ஏற்பட்ட நில அதிர்வுகளைத் தொடர்ந்து முல்லைப்பெரியாறு அணை உடைந்துவிடும் என்ற அச்சம் கேரளமெங்கும் எழுந்தது. கம்பம், குமுளிச் சாலையில் போக்குவரத்து நின்றது. இரு பக்கமும் மோதல்கள் நடந்தன. அணையைப் பற்றித் தமிழ்ச் செய்திகள், வல்லுநர்கள் ஆராய்ந்துவிட்டார்கள், அணை உறுதியாக இருக்கிறது, அச்சம் தூண்டிவிடப்படுகிறது என்று கூறின. மலையாளச் செய்திகள், அடிவாரத்தில் வாழும் மக்களின் உயிரைக் கணக்கில் எடுக்காத வல்லுநர் அறிக்கையால் என்ன பயன் என்று கேட்டன. இப்போது கூடங்குளத்தைப் பற்றி அந்த ஆண்டு வந்த வாதங்களை அருகில் வைத்துப் பாருங்கள். அதே வாதங்கள் ஆள் மாறி நிற்கும்.

சோதனையைச் செய்யும் முறை எளிது. அணுமின் நிலையம் பற்றிய ஒரு கட்டுரையை எடுத்து, உலை என்று வரும் இடங்களில் அணை என்று போட்டு உரக்கப் படியுங்கள். "வல்லுநர் குழு பாதுகாப்பானது என்று சான்றளித்த பின்பும் சிலர் மக்களைத் தூண்டிவிடுகிறார்கள்" என்ற வாக்கியம் உலை விஷயத்தில் உங்களுக்குக் கசந்து, அணை விஷயத்தில் இனித்தால், உங்கள் கருத்தை முடிவுசெய்வது வல்லுநரின் தகுதி இல்லை என்பது தெரிந்துவிடும். முல்லைப்பெரியாறு பற்றி முன்னாள் தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு 2012இல் அணை பாதுகாப்பாக உள்ளது என்று அறிக்கை அளித்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்றது. கூடங்குளம் பற்றி முத்துநாயகம் தலைமையிலான 15 பேர் கொண்ட மத்தியக் குழு பாதுகாப்பானது என்றது. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் 15 வழிகாட்டுதல்களோடு நிலையம் இயங்க அனுமதித்தது. ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுப்பவர் தம் காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டவர். நல்ல காரணங்கள் இருக்கவே செய்கின்றன. அணை 1895இல் கட்டி முடிக்கப்பட்டது, உலை புதியது. வெள்ளம் வடிந்துவிடும், கதிரியக்கப் பொருள் மண்ணில் தங்கிவிடும். அக்காரணங்களை வெளிப்படையாக எழுதச் செய்வதே சோதனையின் நோக்கம். நம் நம்பிக்கை எங்கே சாய்ந்திருக்கிறது என்பதை மட்டுமே இது அளக்கிறது, எது அதிக ஆபத்து என்பதை அளக்கவில்லை என்பதையும் மறவாதீர்கள்.

இதன் தொடர்ச்சியாக, பயன் யாருக்கு, சுமை யாருக்கு என்று ஒரு கணக்கு எழுதலாம். கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளின் 2,000 மெகாவாட்டில் தமிழ்நாட்டுக்கு 925, கர்நாடகத்துக்கு 442, கேரளத்துக்கு 266, புதுச்சேரிக்கு 67 மெகாவாட் என ஒதுக்கப்பட்டது. அந்த மின்சாரத்தைக் கேரளத்துக்குள் கொண்டுசெல்லும் இடமண்–கொச்சி உயரழுத்தப் பாதை பல ஆண்டுகள் தடைபட்டு, 2019இல்தான் செயல்பாட்டுக்கு வந்தது. அங்கே எதிர்ப்பு எழுந்தது கோபுரங்களுக்காக நிலம் இழந்தவர்களிடமிருந்து. கதிர்வீச்சு அங்கே பேசுபொருளாக இல்லை. ஒரே நிலையம் இடிந்தகரையில் உயிர் பற்றிய கேள்வியாகவும், புனலூர்ப் பக்கத்தில் நில இழப்பீட்டுக் கேள்வியாகவும், கொச்சியில் விளக்கு எரியும் வசதியாகவும் தெரிவதற்கு இதுதான் காரணம்.

நான்காவது வேலை: எண்களைப் படித்தல்

அமெரிக்காவில் 1970களின் இறுதியில் பால் ஸ்லோவிக்கும் அவருடைய சக உளவியலாளர்களும் முப்பது வகையான செயல்களையும் தொழில்நுட்பங்களையும் கொடுத்து, ஆபத்தின் வரிசையில் அடுக்கச் சொன்னார்கள். பெண் வாக்காளர் சங்கத்தினரும் கல்லூரி மாணவர்களும் அணுமின்சாரத்தை முதலிடத்தில் வைத்தார்கள். வல்லுநர்கள் இருபதாம் இடத்தில் வைத்தார்கள். எக்ஸ்ரே படத்தையோ வல்லுநர்கள் ஏழாம் இடத்தில் வைக்க, பெண் வாக்காளர்கள் இருபத்திரண்டாம் இடத்துக்குத் தள்ளினார்கள். இரண்டிலும் இருப்பது கதிர்வீச்சுதான். நாமே விரும்பி ஏற்பது, நாம் நம்பும் மருத்துவரின் கையால் வருவது சிறிதாகத் தெரிகிறது; நம்மைக் கேட்காமல் வருவது, கண்ணுக்குத் தெரியாதது, ஒரே நேரத்தில் பலரைத் தாக்கக்கூடியது பெரிதாகத் தெரிகிறது. மக்கள் சாவுகளின் எண்ணிக்கையை மட்டும் அளக்கவில்லை, சம்மதத்தையும் நியாயத்தையும் சேர்த்து அளந்தார்கள் என்பதுதான் ஸ்லோவிக் கண்டதன் சாரம். எண் தெரியாதவர்கள் என்று அவர்களை ஒதுக்குவது அந்த ஆய்வையே தவறாகப் படிப்பதாகும்.

ஆனாலும் எண் எண்தான். அதைச் சரியாகப் படிக்க வேண்டும். கதிர்வீச்சு அளவு சொல்லப்படும்போது முதலில் அலகைப் பாருங்கள். மில்லிசீவெர்ட்டா, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோசீவெர்ட்டா, ஒரு மணி நேரத்துக்கா, ஓர் ஆண்டுக்கா? இவை இல்லாமல் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. இயற்கையிலிருந்து ஒருவர் பெறும் அளவு உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட். அணுமின் நிலையங்களால் பொதுமக்களுக்குச் சேரக்கூடிய கூடுதல் அளவுக்கு இந்தியாவில் வகுக்கப்பட்ட வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவெர்ட். நம் தாதுமணல் கரையிலும், கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியிலும் இயற்கை அளவே உலகச் சராசரியைவிட அதிகம். சில இடங்களில் பல மடங்கு அதிகம்.

இந்த இடத்தில் இரு தரப்பும் நம்மிடம் தவறாகப் பேசுவதைக் கவனிக்க வேண்டும். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் வரிசையில் நம் கடற்கரைக்காரர்களைக் கண்டவர்கள், மணலே காரணம் என்று முடிவுகட்டுகிறார்கள். மருத்துவமனை வரிசை என்பது விகிதம் ஆகாது. எத்தனை ஆயிரம் மக்களில் எத்தனை பேர், அவர்களின் வயது என்ன, புகையிலைப் பழக்கம் எவ்வளவு என்பவை தெரியாமல் காரணம் சொல்ல இயலாது. அந்த மையமே கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தது. நில இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று அதன் முடிவுகள் 2009இல் வெளியாயின. இதை வைத்துக்கொண்டு மறுதரப்பினர், கதிர்வீச்சால் தீங்கே இல்லை என்று பேசுகிறார்கள். அந்த ஆய்வு கருநாகப்பள்ளியைப் பற்றியது, குமரியைப் பற்றியதன்று. மெல்ல மெல்லச் சேரும் இயற்கைக் கதிர்வீச்சைப் பற்றியது, உலை விபத்தில் வெளிப்படும் கதிரியக்க அயோடினையும் சீசியத்தையும் பற்றியதன்று. ஓர் ஆய்வு எந்தக் கேள்விக்கு விடையோ அந்தக் கேள்வியோடு அதை நிறுத்துங்கள். குமரிக் கடற்கரைக்கும் இத்தகைய நீண்ட ஆய்வும் வெளிப்படையான புற்றுநோய்ப் பதிவேடும் வேண்டும் என்று கேட்பது முழுக்க நியாயமான கோரிக்கை.

இறப்புக் கணக்குகளில் எந்த மக்கள்தொகையை எண்ணினார்கள் என்று பாருங்கள். செர்னோபில் விபத்தால் மொத்தத்தில் 4,000 பேர் வரை இறக்கலாம் என்று ஐ.நா. அமைப்புகள் சேர்ந்த குழு 2005இல் மதிப்பிட்டது அதிகம் பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 6 லட்சம் பேரைப் பற்றியது. பிற ஆய்வாளர்களின் பல்லாயிரம் என்ற மதிப்பீடுகள் ஐரோப்பாவையோ உலகத்தையோ முழுதாகச் சேர்த்தவை. ஃபுகுஷிமாவில் 18,000 பேர் அணுஉலையால் இறந்தார்கள் என்ற வாட்ஸ்அப் செய்தி தவறு. அந்த எண்ணிக்கை நிலநடுக்கத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் உரியது. கதிர்வீச்சால் இறந்ததாக ஜப்பானிய அரசு 2018இல் ஏற்றுக்கொண்டது ஒரு தொழிலாளியின் மரணத்தை. அதனால் ஒருவர்தான் இறந்தார் என்று நிறுத்துவதும் முழுமையாகாது. ஃபுகுஷிமா மாநிலத்தில் வெளியேற்றத்தின் அலைச்சலாலும் சிகிச்சை தடைபட்டதாலும் 2,000க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் முதியவர்கள், இறந்தார்கள். படுக்கையில் இருக்கும் பாட்டியை எந்த வண்டியில் ஏற்றி எங்கே கொண்டுபோவது என்று கேட்கும் மீனவக் குடும்பம், உலகம் கற்ற பாடத்தின் நடுப்புள்ளியைத்தான் கேட்கிறது.

ஐந்தாவது வேலை: ஆவணத்தைக் கேட்டுப் பெறுதல்

அறிந்துகொள்ளாமலேயே கருத்துச் சொல்கிறோம் என்று யாரும் சொல்ல இடம்கொடாதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்குக் கட்டணமில்லை. நம் வட்டாரத்தின் ஆட்சிமொழியான தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ நிறைவளிக்காவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடும், அதன் பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். கருத்தைக் கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். "நிலையம் பாதுகாப்பானதா?" என்பதற்குப் பதில் வராது. "இன்ன இடத்தில், இன்ன ஆண்டுகளில் எடுக்கப்பட்ட சூழல் கதிர்வீச்சு அளவீட்டுப் பதிவின் நகல்" என்று கேட்டால் தரவோ மறுக்கவோ வேண்டியிருக்கும்.

மறுப்பும் ஒரு செய்திதான். கூடங்குளத்தின் இட மதிப்பீட்டு அறிக்கையையும் பாதுகாப்புப் பகுப்பாய்வு அறிக்கையையும் வெளியிடுமாறு மத்தியத் தகவல் ஆணையம் 2012இல் உத்தரவிட்டது. அணுமின் கழகம் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடி அதற்குத் தடை பெற்றது. நாட்டுப் பாதுகாப்பு என்று 8(1)(அ) பிரிவையோ, வணிக இரகசியம் என்று 8(1)(ஈ) பிரிவையோ காட்டி மறுத்தால், மறைக்க வேண்டிய பகுதியை நீக்கிவிட்டு மீதியைத் தரலாம் என்று சொல்லும் 10ஆம் பிரிவைச் சுட்டி மீண்டும் எழுதுங்கள்.

கருத்துக்கணிப்பு முடிவு கையில் கிடைத்தால் கேட்ட கேள்வியின் முழு வாசகத்தைத் தேடுங்கள். "நாட்டின் வளர்ச்சிக்கு அணுமின்சாரம் தேவையா?" என்பதும் "உங்கள் ஊரிலிருந்து 16 கிலோமீட்டருக்குள் அணுமின் நிலையம் அமைய ஒப்புக்கொள்வீர்களா?" என்பதும் ஒரே மனிதரிடமிருந்து வேறு வேறு விடைகளைப் பெறும். வாசகம் வெளியிடப்படாத கணிப்பை ஒதுக்கிவிடலாம்.

குழுவாகச் செய்யும்போது

கூட்டத்துக்குத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே நிகழ்வைப் பற்றி வந்த இரண்டு செய்திகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மலையாளச் செய்தியை வாசிக்கத் தெரிந்தவர் வாசித்து உடனே தமிழில் சொல்லட்டும். கடலுக்குப் போகிறவர்களும் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களும் வரக்கூடிய நேரமாகப் பாருங்கள். பெண்கள் பேசுவதற்கெனத் தனியாக நேரம் ஒதுக்குங்கள், ஏனெனில் இடிந்தகரையை நடத்தியவர்கள் அவர்கள், நம் ஊர்க் கூட்டங்களில் அமைதியாக உட்கார வைக்கப்படுபவர்களும் அவர்களே. ஆதரிப்பவர் எதிர்ப்பவரின் மிக வலிமையான வாதத்தை, எதிர்ப்பவர் ஏற்றுத் தலையசைக்கும்படி சொல்லிக்காட்ட வேண்டும்; பிறகு மறுபக்கமும் அவ்வாறே. இது நேரம் பிடிக்கும், ஆனால் இந்த ஒரு பயிற்சியை விட்டுவிட்டால் மற்றவை பட்டிமன்றமாகிவிடும்.

பயிற்சிக்கு உடனடியான பொருள் நம்மிடமே இருக்கிறது. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக 2024இல் கடற்கரை ஊர்கள் திரண்டன. அறிவிக்கப்பட்ட கருத்துக் கேட்புக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. தோரியம் உள்ள கனிமமான மோனசைட்டைப் பிரித்தெடுப்பதால் கரையின் கதிர்வீச்சு குறையும் என்கிறது, மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை நடத்தும் மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். மணலைக் கிளறினால் நோயும் கடலரிப்பும் கூடும் என்கிறார்கள் ஊர் மக்கள். இரண்டும் அளந்து பார்க்கக்கூடிய கூற்றுகள். மணவாளக்குறிச்சிப் பகுதியில் ஏற்கெனவே மணல் எடுத்து நிரப்பிய இடங்களில் எடுப்பதற்கு முன்பும் பின்பும் பதிவான கதிர்வீச்சு அளவுகள், அளந்த தேதி, அளந்தவரின் பதவி, கடற்கரைக் கோடு பின்வாங்கிய அளவு ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு ஒரு விண்ணப்பத்தை உங்கள் முதல் கூட்டத்திலேயே எழுதி, பலர் கையெழுத்தைச் சேர்க்காமல் ஒருவர் பெயரில், விரைவுத் தபாலில் அந்த நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். கூட்டுக் கையெழுத்து விண்ணப்பத்தைத் தொழில்நுட்பக் காரணம் காட்டித் திருப்பிவிடும் வழக்கம் உண்டு. அடுத்த கூட்டத்துக்கான தேதியை, விண்ணப்பம் போய்ச்சேர்ந்ததிலிருந்து முப்பத்தைந்தாவது நாளுக்குக் குறித்துக்கொள்ளுங்கள்.